அழகான டை அடம்பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் வழி

வெறும் நீல டையில் முடிச்சு அரை அங்குலம் சரிந்தால் யார் கண்ணிலும் படாது. பெரிய பூ, மாங்காய் வடிவம், பறவை, தடித்த பட்டை, கையால் தீட்டிய ஓவியம் என்று இருக்கும் டையில் அதே சரிவுதான் முதலில் தெரியும். பார்ப்பவர் கண் ஏற்கெனவே அங்கேதானே இருக்கிறது! அதனால் இப்படிப்பட்ட டைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனிப்பு வேண்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: டையைக் குற்றம் சொல்லும் முன் கட்டிய விதத்தையும் சட்டைக் காலரையும் பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கீழே வரும் சொற்களுக்குப் பொருள் இது. முன்னால் தொங்கும் அகலமான பகுதி முன்பட்டை. அதற்குப் பின்னால் ஒளியும் ஒடுக்கமான பகுதி பின்பட்டை. காலருக்குள் போவது கழுத்துப் பகுதி. உள்ளே உருவம் கொடுக்கும் தடித்த துணி கேன்வாஸ். முதுகில் மேலிருந்து கீழ்வரை இரண்டு ஓரங்களையும் சேர்க்கும் நீண்ட கைத்தையல் முதுகுத் தையல்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் எளிய காரணத்தில் தொடங்குங்கள். அது இல்லையென்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

## நுனி பெல்ட்டை எட்டவில்லை, அல்லது தாண்டித் தொங்குகிறது

முடிச்சை முழுக்க இறுக்கி, நிமிர்ந்து நின்று பாருங்கள். முன்பட்டையின் கூர்நுனி பெல்ட் பக்கிளின் மேல் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் நிற்க வேண்டும். குனிந்து பார்த்தால் டை எப்போதும் நீளமாகத்தான் தெரியும்; கண்ணாடியில் பாருங்கள்.

கட்டத் தொடங்கிய இடம் தவறு. இதுவே முதல் சந்தேகம். கணக்கு எளிது: நுனி எத்தனை விரல் கீழே இறங்கியதோ, அடுத்த முறை முன்பட்டையை அத்தனை விரல் மேலே வைத்துத் தொடங்குங்கள். குட்டையாக வந்தால் அதே அளவு கீழே. முடிச்சு மாறாதவரை இந்தக் கணக்கு பிசகாது. சரியாக வந்த நாளன்று, அவிழ்த்த பின் அதே டையைக் கழுத்தில் போட்டு, தொடங்கும்போது பின்பட்டையின் நுனி சட்டையின் எந்தப் பட்டனுக்கு நேரே இருந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு டைக்கும் அந்தப் பட்டன் வேறாக இருக்கும். நினைவில் நிற்காது என்றால் பின்பட்டையின் முதுகுப் பக்கம், லைனிங்கில் மட்டும், ஒரு சின்ன நூல் முடிச்சு போட்டு அடையாளம் வையுங்கள்.

முடிச்சு அதிகத் துணியை விழுங்குகிறது. ஃபுல் வின்ட்ஸர் என்ற பெரிய முடிச்சு இரண்டு பக்கமும் சுற்றுவதால் நீளத்தைச் சாப்பிட்டுவிடும். ஹாஃப் வின்ட்ஸருக்கு மாறினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். எளிய முடிச்சான ஃபோர்-இன்-ஹேண்டில் இன்னும் கிடைக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், துணியும் மிஞ்ச வேண்டும் என்றால் பிராட் முடிச்சு. டையைப் புறம்திருப்பி, தையல் வெளியே தெரியும்படி வைத்துக் கட்டத் தொடங்கும் முடிச்சு இது. 1989-ல் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கம்வரை போனது. சாதாரண நீளமுள்ள ஒரு டையில் 85 விதமாக முடிச்சு போடலாம் என்று கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர்கள் தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் இருவரும் 1999-ல் கணக்கிட்டார்கள். அன்றாடத்துக்கு இங்கே சொன்ன நான்கும் தாராளம்.

டையின் அளவே பொருந்தவில்லை. சாதாரண டை 145 முதல் 150 செ.மீ. இருக்கும். உயரம் 6 அடி 2 அங்குலத்தைத் தாண்டினாலோ கழுத்து பருமனாக இருந்தாலோ 155 முதல் 160 செ.மீ. நீளமுள்ள டையைக் கேளுங்கள். பின்பட்டை முன்பட்டையைவிட நீண்டு எட்டிப்பார்த்தால், அதன் நுனியைச் சட்டையின் மூன்றாவது, நான்காவது பட்டன்களுக்கு இடையே உள்ளே செருகலாம். அதில் தவறொன்றும் இல்லை.

தையல்காரரிடம் போக வேண்டிய கட்டம்: மனசுக்குப் பிடித்த டை எந்த முடிச்சிலும் குட்டையாகவோ நீளமாகவோ நின்றால். நீளத்தைக் கழுத்துப் பகுதியின் இணைப்பில் குறைக்கலாம். அங்கேயே ஒரு துண்டு சேர்த்துக் கூட்டவும் செய்யலாம், காலர் மறைத்துக்கொள்ளும். நுனியை வெட்டிக் குறைக்கச் சொல்லாதீர்கள். டையின் முகமே நுனிதான்.

## முடிச்சு இறங்கிக்கொண்டே வருகிறது

முதலில் சட்டையின் மேல் பட்டனைத் தொட்டுப் பாருங்கள். திறந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. காலர் இறுக்குகிறது என்று பட்டனைத் திறந்துவைத்தால் எந்த முடிச்சும் நிற்காது. பட்டனை அரை அங்குலம் நகர்த்தித் தைத்தால் போதும். பூட்டிய காலருக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அளவு சரி. மூன்று, நான்கு நுழைந்தால் காலர் பெரிது. அப்போதும் முடிச்சு இறங்கும், கழுத்துப் பகுதி பக்கவாட்டில் வெளியே தெரியும்.

பட்டன் பூட்டித்தான் இருக்கிறதா? அடுத்தது இறுக்கிய வரிசை. பலரும் பின்பட்டையைப் பிடித்து முடிச்சை மேலே தள்ளிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். முடிச்சு காலரைத் தொடும், ஆனால் உள்ளே தளர்வாகவே இருக்கும். முடிச்சு இன்னும் காலருக்கு மூன்று விரல் கீழே இருக்கும்போதே முன்பட்டையை இழுத்து முடிச்சை இறுக்குங்கள். அதன் பிறகே பின்பட்டையைப் பிடித்து மேலே ஏற்றுங்கள். வரிசை மாறினால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால், துணி சாட்டின் போல வழவழப்பாகவோ கேன்வாஸ் மெலிதாகவோ இருக்கிறது. ஃபோர்-இன்-ஹேண்டில் முன்பட்டையை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். துணிமேல் துணி உராய்ந்து பிடித்துக்கொள்ளும். டை கிளிப் முடிச்சைத் தாங்காது. அது டை காற்றில் ஆடாமல் இருக்க மட்டும். மூன்றாவது, நான்காவது பட்டன்களுக்கு நடுவே, இரு பட்டைகளையும் சட்டையின் பட்டன் பட்டியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கிளிப் டையின் அகலத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது. பெரிய உருவம் அச்சிட்ட டையில் கிளிப் வேண்டவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பறவையின் கழுத்தில் கம்பி போட்டதுபோல் இருக்கும்.

## முடிச்சுக்குக் கீழே குழி விழவில்லை

முடிச்சுக்கு ஒட்டிக் கீழே, முன்பட்டையின் நடுவில் விழும் சிறு பள்ளம்தான் குழி. கடைசியாக இழுக்கும் முன்பே அது பிறக்க வேண்டும். இறுக்கிய பிறகு விரலால் அழுத்தினால் அது சுருக்கம், குழியல்ல.

முன்பட்டையை முடிச்சின் முன் வளையத்துக்குள் செலுத்திவிட்டு நிறுத்துங்கள். முடிச்சுக்கு ஒட்டிக் கீழே, பட்டையின் நடுவில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துங்கள். கட்டை விரலும் நடுவிரலும் இரு ஓரங்களையும் பின்னால் மடக்கிப் பிடிக்கட்டும். அப்படியே பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முன்பட்டையை மெதுவாகக் கீழே இழுங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நிற்கும். நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால், இழுக்கும்போது முன்பட்டையைச் சாய்த்து இழுத்திருக்கிறீர்கள்.

இத்தனை செய்தும் விழவில்லை, பட்டை அட்டைபோல் விறைத்து நிற்கிறது என்றால் கேன்வாஸ் தடிமன். அந்த டைக்கு ஃபோர்-இன்-ஹேண்ட் மட்டும். பின்னலால் ஆன நிட் டைக்குக் குழி கட்டாயமில்லை. இல்லாமலிருப்பதே அதற்கு அழகு.

முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சிலர் வருந்துவார்கள். ஃபோர்-இன்-ஹேண்ட் சாய்ந்துதான் இருக்கும். அது பிழையல்ல. ஆனால் முடிச்சு இரு காலர் முனைகளையும் மேலே தூக்கினால் அது காலருக்குப் பெரிது, முடிச்சை மாற்றுங்கள். அகலமாக விரிந்த காலரின் நடுவே முடிச்சு தொலைந்துபோனால் எதிர்ப்பக்கம் போங்கள்: ஹாஃப் அல்லது ஃபுல் வின்ட்ஸர்.

## டை முறுக்கிக்கொள்கிறது, முதுகைக் காட்டுகிறது

இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். டையை அவிழ்த்து, கழுத்துப் பகுதியின் நடுவை இரு விரலால் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஆடி அடங்கும்வரை காத்திருங்கள். இரு பட்டைகளும் நேராக, முகம் காட்டி நின்றால் டையில் குறையில்லை; கட்டியதில்தான் குறை. கயிறு முறுக்கு அவிழ்வதுபோல் கால் சுற்று, அரைச் சுற்று திரும்பினால் டைக்குள் சிக்கல்.

### தொங்கும்போது நேராக நிற்கிறது

காலருக்குள் கழுத்துப் பகுதி முறுக்கியிருக்கலாம். காலரைத் தூக்கிப் பின்கழுத்தைத் தடவிப் பாருங்கள். தையல் உள்பக்கம், உடலோடு இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால், முன்பட்டையின் முதுகிலுள்ள வளையத்துக்குள் பின்பட்டையைச் செருகியதில் இழுப்பு இருக்கும். பின்பட்டையை உருவி, தளர்த்தி மறுபடி செருகுங்கள்.

### தொங்கும்போதே திரும்புகிறது

முன்பட்டையைக் கவிழ்த்து முதுகுத் தையலைப் பாருங்கள். நல்ல டையில் இந்தத் தையல் வேண்டுமென்றே தளர்வாக விடப்பட்டிருக்கும். ஒரே நீண்ட நூல், துணி இழுபடும்போது உள்ளே வழுக்கி ஓடுவதற்காக. நுனியருகே ஓரிரு செ.மீ. நூல் வளையம் ஒன்று தொங்குவதைச் சிலர் பிசிறு என்று நினைத்துக் கத்தரித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். அது டையின் உயிர்நூல்; வெட்டினால் சில வாரங்களில் முதுகு பிளக்கும்.

நூல் ஓரிடத்தில் இறுகித் துணி கொசுவம்போல் கூடியிருந்தால், டையை மேசையில் கிடத்தி, கொசுவத்தின் இருபுறமும் பிடித்து நீளவாக்கில் மெல்ல மெல்ல இழுங்கள். நூல் தானே ஓடிச் சமமாகும்.

நூல் அறுந்திருந்தால் வீட்டிலேயே தைக்கலாம், கை நிதானமாக இருந்தால். மெல்லிய ஊசி, டையின் நிறத்தில் ஒற்றைப் பட்டு நூல் அல்லது மெல்லிய பருத்தி நூல். ஒரு ஓரத்தில் நுழைந்து, கேன்வாஸில் ஓர் இழையை மட்டும் கவ்வி, மறு ஓரத்தில் வெளியே வாருங்கள். தையலுக்குத் தையல் ஒரு செ.மீ. அளவு இடைவெளி. முகப்புத் துணியை ஊசி தொடவே கூடாது. ஒவ்வொரு நான்கு தையலுக்கும் திருப்பிப் பாருங்கள். கூடவே டையை லேசாக இழுத்துப் பாருங்கள்: சுருங்கினால் தையல் இறுக்கம். முடிவில் 2 செ.மீ. வளையம் விட்டு முடிச்சிடுங்கள்.

தையல் முழுசாக இருந்தும் திரும்பினால் இரண்டு காரணம்தான் மிச்சம். டை ஒரு முறையாவது தண்ணீரில் நனைந்திருந்தால் உள்ளே கேன்வாஸ் சுருங்கியிருக்கும். இரு விரலால் தடவும்போது உள்ளே மேடு பள்ளம் தட்டுப்படும். அதைப் பிரித்துக் கேன்வாஸ் மாற்ற வேண்டும். இது டை தைக்கத் தெரிந்தவரின் வேலை. நனையாத புது டையே திரும்பினால், துணியை 45 பாகைக் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வெட்டவில்லை. 1920-களில் நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியைக் கிராஸாக வெட்டி மூன்று துண்டாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். டை நேராகத் தொங்குவதும் கட்டி அவிழ்த்ததும் பழைய வடிவுக்குத் திரும்புவதும் அதனால்தான். துணியைச் சிக்கனம் செய்ய வெட்டைக் கொஞ்சம் திருப்பினால் இந்தக் குணம் போய்விடும். அப்படி வெட்டிய டையை யாராலும் சரிசெய்ய முடியாது. அதற்காகச் செலவு செய்யாதீர்கள். வாங்கும்போதே, கடையில் நின்றபடி இதே தொங்கல் சோதனையைச் செய்துவிடுங்கள். அழகிய அச்சில் மயங்கி இதை மறப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

## படம் தவறான இடத்தில் விழுகிறது

முன்பட்டையில் ஒரே ஒரு பெரிய உருவம் இருக்கும் டையில், உருவம் முழுவதும் பெல்ட்டுக்கு மேலே, கோட்டைத் திறந்தாலும் மூடினாலும் புரியும்படி நிற்க வேண்டும். கோட்டுப் பட்டனைப் பூட்டியதும் தலை மட்டும் தெரிந்து உடல் மறைந்தால், நீளத்தைக் குறைத்துப் பயனில்லை. உருவம் நுனிக்கு மிக அருகில் அச்சாகியிருக்கிறது. அந்த டை கோட்டில்லாத உடைக்கு.

பெரிய பூ திரும்பத் திரும்ப வரும் டையில், முடிச்சின் முகத்தில் பூவின் ஒரு துண்டு அகப்பட்டு அசிங்கமாக நிற்கலாம். தொடங்கும் இடத்தை 2 அல்லது 3 செ.மீ. நகர்த்திப் பாருங்கள். துணியின் வேறு பகுதி முடிச்சில் வரும், நீளமும் பெரிதாகக் கெடாது. சாய்கோடு போட்ட டையில் முடிச்சின் கோடுகள் எதிர்த்திசையில் சாய்வது இயல்பு. அதைத் திருத்த முயலாதீர்கள்.

## கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சேர்ந்து கத்துகிறது

டை அழகு, சட்டை அழகு, கோட்டு அழகு, சேர்ந்தால் சந்தைக்கடை. கண்ணாடியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். பார்வை முதலில் டையில் விழுந்து அங்கிருந்து முகத்துக்கு ஏறினால் சரி. டைக்கும் சட்டைக்கும் இடையே தடுமாறினால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் வடிவத்தின் அளவு. சட்டைக் கோடுகளின் இடைவெளியும் டை உருவங்களின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். மெல்லிய கோட்டுச் சட்டைக்கு உள்ளங்கை அகலப் பூ பொருந்தும். பெரிய கட்டச் சட்டைக்குச் சின்னப் புள்ளி. ஒன்று மற்றொன்றைவிட மூன்று நான்கு மடங்காவது பெரிதாக இருக்கட்டும். சந்தேகமென்றால் வெள்ளை அல்லது வெளிர்நீலச் சட்டை. தைரியமான டைக்கு வெறும் சட்டை கொடுப்பது பயந்தாங்கொள்ளித்தனமல்ல, மேடை கொடுப்பது.

அடுத்து நிறம். ஐந்தாறு நிறமுள்ள டையில் சட்டைக்கும் கோட்டுக்கும் எந்த நிறத்தை எடுப்பது? அதிகமாகத் தெரியும் நிறத்தை எடுக்காதீர்கள். பூவின் மகரந்தத்திலோ மாங்காய் வடிவின் ஓரத்திலோ மெலிதாக ஓடும் ஒரு நிறத்தைத் தேடுங்கள். கருஞ்சிவப்புத் தளத்தில் காவிப் பூக்கள், பூக்களின் விளிம்பில் மயிரிழைபோல் ஒரு வெளிர்நீலம் என்று வைத்துக்கொள்வோம். சட்டை அந்த வெளிர்நீலமாக இருந்தால், இதுவரை கண்ணில் படாத அந்த இழை எழுந்து நின்று டையையும் சட்டையையும் கட்டிப்போடும். சிவப்புச் சட்டை போட்டிருந்தால் டை கரைந்து போயிருக்கும். பொதுவாக டையின் தளம் சட்டையைவிட ஒரு படி அடர்த்தியாக இருக்கட்டும். நிறம் பொருத்துவதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த இரு நீலங்கள் வெளியே வந்ததும் பிரிந்துவிடும்.

பிறகு பளபளப்பு. பெரிய வடிவமும் சாட்டின் மினுக்கமும் ஒரே டையில் கூடினால் அதை அடக்குவது கடினம். அதே வடிவம் கம்பளியிலோ லினனிலோ மங்கல் பட்டிலோ வந்தால் எவ்வளவோ அமைதியாக இருக்கும். துணிச்சலான வடிவம் முதன்முறை வாங்குபவர்களுக்கு மங்கல் துணியையே சொல்வோம்.

அகலத்தையும் விட்டுவிடாதீர்கள். டையின் மிக அகலமான இடமும் கோட்டு லேப்பலின் (மார்பில் வெளியே மடிந்திருக்கும் பகுதி) மிக அகலமான இடமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். 9 செ.மீ. டை 5 செ.மீ. லேப்பலோடு சேர்ந்தால் டை கோட்டை விழுங்கிவிடும். கடைசியாகக் கைக்குட்டை: டையின் துணியிலேயே வெட்டியதை மார்புப் பையில் வைக்காதீர்கள். வெள்ளை போதும்.

இத்தனைக்குப் பிறகும் கத்தினால் கோட்டை மாற்றுங்கள். டையைக் கடைசியாக மாற்றுங்கள்.

## கேமராவில் டை அலையலையாக மினுக்குகிறது

நெருக்கமான மெல்லிய கோடுகளும் பொடிக் கட்டங்களும் கேமராவின் புள்ளி வரிசையோடு மோதுவதால் வரும் அலை அது. டை பழுதல்ல. கேமராவை அரையடி முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் பெரிய வடிவமுள்ள டைக்கு மாறுங்கள். திரையில் அதுதான் நன்றாக எடுபடும்.

## கறை பட்டுவிட்டது

எந்தக் கறையானாலும் முதல் நிமிடத்தில் மூன்று செய்யக் கூடாதவை: தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், சோடா ஊற்றாதீர்கள். டையைக் கழற்றுங்கள். வெள்ளைத் துணியாலோ நிறமில்லாத டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள். நிறத் துணி வேண்டாம், அதன் சாயமும் சேர்ந்து ஒட்டும். பிறகு கறை எது என்று பாருங்கள்.

வெறும் தண்ணீர்த் துளி. பட்டில் உலர்ந்ததும் வளையம்போல் தடம் நிற்கும். முழுக்க உலரும்வரை காத்திருங்கள். பின் அதே டையின் பின்பட்டையை எடுத்து, பட்டுத் துணிமேல் பட்டுத் துணி படும்படி வைத்து, விரல் பாரம் மட்டும் கொடுத்து வளையத்தின் விளிம்பைத் தடவுங்கள். போகவில்லையென்றால் ஒரு சாண் தூரத்திலிருந்து ஆவி காட்டி மறுபடி தடவுங்கள். பெரும்பாலும் மறைந்துவிடும்.

எண்ணெய், வெண்ணெய், கிரீம். மேசையில் தட்டையாகக் கிடத்தி, டால்கம் பவுடரையோ சோள மாவையோ கறை முழுவதும் மூடும்படி மேடாகக் கொட்டுங்கள். அழுத்தாதீர்கள். இரவு முழுக்க விடுங்கள். காலையில் கவிழ்த்துத் தட்டுங்கள். மாவு கட்டிகட்டியாக, நிறம் மாறி விழுந்தால் எண்ணெய் அதில் ஏறியிருக்கிறது. மங்கலான நிழல் இன்னும் இருந்தால் புது மாவு போட்டு இன்னொரு இரவு. மூன்று இரவுக்குப் பிறகும் நிழல் இருந்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது.

காபி, தேநீர், ஒயின், பழச்சாறு. ஒற்றியெடுத்து, தாமதிக்காமல் டிரை கிளீனிங். என்ன கொட்டியது, எப்போது கொட்டியது என்று சொல்லுங்கள். சொல்லாமல் கொடுத்தால் சூட்டில் கறை நிரந்தரமாகிவிடலாம்.

சேறு. காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் துணியின் இழைப்போக்கில் தட்டுங்கள். மெழுகு, சூயிங்கம். ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் குளிரூட்டி, கெட்டியானதும் நகத்தால் பெயர்த்தெடுங்கள். பேனா மை. எதுவும் செய்யாமல் நேரே நிபுணரிடம். நகப் பாலிஷ் ரிமூவர் தொட்டால் அசிட்டேட் துணி கரைந்தே போகும்.

பாலியஸ்டர் டை தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை. உள்ளே இருக்கும் கேன்வாஸ் தாங்குமா என்பதுதான் கேள்வி. கறை பட்ட இடத்தை மட்டும் சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். டையை வாளியில் முக்காதீர்கள், வாஷிங் மெஷினில் போடவே போடாதீர்கள்.

டிரை கிளீனிங் கொடுக்கும்போது ஒரு வாக்கியம் மறக்காமல் சொல்லுங்கள்: "ஓரத்தைத் தட்டையாக இஸ்திரி போடாதீர்கள்." நல்ல டையின் ஓரம் கத்திமுனைபோல் மடிந்திருக்காது, பாய் சுருட்டின விளிம்புபோல் உருண்டிருக்கும். ஒருமுறை அழுத்தினால் அந்த உருட்சி போய், டை காகிதம்போல் ஆகும். அப்படி ஆகிவிட்டதா? ஓரத்தின் மேல் ஆவி காட்டி, ஈரம் தணிவதற்குள் விரல்நுனியால் மெல்ல உருட்டிவிட்டு அப்படியே படுக்கவையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெருமளவு மீளும்.

## சுருக்கம் போகவில்லை

நேற்றுக் கட்டிய டையில் முடிச்சுத் தடம் இருப்பது இயல்பு. கட்டிய வரிசைக்கு நேர் எதிராக அவிழ்த்து, தொங்கவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். பின்பட்டையைச் சரட்டென்று உருவி அவிழ்ப்பவர்களின் டைதான் சீக்கிரம் கெடும். ஒரே டையை அடுத்தடுத்த நாட்களில் கட்டாதீர்கள்.

ஒரு நாளில் போகவில்லையென்றால் சுருட்டிவையுங்கள்: நடுவில் மடித்து, ஒடுக்கமான பக்கத்திலிருந்து தளர்வாகச் சுருட்டி ஓரிரவு. அதற்கும் மசியாவிட்டால் ஆவி, 10 செ.மீ. தள்ளி, துணி நனையாத அளவு. இஸ்திரிப் பெட்டியைத் துணியில் வைக்க நேர்ந்தால் டையின் வடிவில் வெட்டிய அட்டையை உள்ளே நுழைத்து, மேலே பருத்தித் துணி விரித்து, மிகக் குறைந்த சூட்டில். ஓரங்களில் அல்ல, நடுவில் மட்டும்.

ஏற்கெனவே இஸ்திரி பட்டுப் பளபளவென்று தடம் இருந்தால் ஆவி காட்டி மென்பிரஷ்ஷால் தட்டுங்கள். பட்டிலும் கம்பளியிலும் ஓரளவு போகும். பழுப்பேறிய பட்டும் உருகிய பாலியஸ்டரும் மீளாது.

## முன்பக்கம் நூல் இழுபட்டுத் தொங்குகிறது

நெய்த வடிவமுள்ள டைகளிலும் இழை தளர்ந்த கிரெனடைன் டைகளிலும் கைக்கடிகாரம், மோதிரம் சிக்கி வருவது. கத்தரிக்கோலைத் தூர வையுங்கள். மெல்லிய ஊசியில் வேறொரு நூலைக் கோத்து, இழுபட்ட நூல் வெளிவந்த அதே இடத்தில் குத்துங்கள். கோத்த நூலால் அதைச் சுற்றி உள்ளே இழுங்கள். நூல் உள்பக்கம் போய்விடும். வெளியிலிருந்து அமுக்கித் திணித்தால் மறுபடி எட்டிப்பார்க்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் இழுபட்டு, பக்கத்துத் துணி கோடாக இறுகியிருந்தால் நிபுணரிடம் கொடுங்கள்.

## ஓரம் தேய்ந்து நைந்துவிட்டது

தாடி உரசும் முடிச்சுப் பகுதி, பெல்ட் பக்கிள் உரசும் நுனி, இரண்டும்தான் முதலில் போகும். பக்கிள் என்றால் நீளத்தை ஒரு விரல் குறைத்துக் கட்டுங்கள். ஓரம் நைந்த பிறகும் டையைக் காப்பாற்றலாம்: பிரித்து, 9 செ.மீ. அகலத்தை 7.5 ஆகக் குறைத்துத் தைத்தால் நைந்த மடிப்பு உள்ளே போய்விடும். வடிவம் வெட்டுப்படாதா என்று முதலில் ஊசி குத்தி மடித்துப் பாருங்கள். கேன்வாஸையும் சேர்த்து வெட்டத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சாதாரணத் தையல் மெஷினில் முதுகை அடித்துத் தந்தால் டை செத்துவிட்டது என்று பொருள்.

## நிட் டை நாளுக்கு நாள் நீள்கிறது

தொங்கவிட்டதால். பின்னல் துணி தன் எடையிலேயே இறங்கும். சுருட்டி இழுப்பறையில் வையுங்கள்.

## வெள்ளைக் காலரில் டையின் நிறம் ஒட்டுகிறது

பின்பட்டையின் முதுகில் ஈரமான வெள்ளைத் துணியைப் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். நிறம் இறங்கினால் மழையிலும் வியர்வையிலும் அந்த டையைக் கட்டாதீர்கள், அடர்நிறக் காலரோடு கட்டுங்கள். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம்பி நனைக்காதீர்கள், கேன்வாஸ் சுருங்கிவிடும்.

## பழைய ஓவிய டையில் வண்ணம் வெடிக்கிறது

1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வந்த கையால் தீட்டிய அகல டைகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவை இன்றைய டையைவிடக் குட்டை. அன்றைய கால்சட்டை இடுப்புக்கு மேலே ஏறி நின்றது. பெல்ட்டை எட்டவில்லை என்று இழுத்துக் கட்டாதீர்கள். ஃபோர்-இன்-ஹேண்ட் போட்டு, உயர்ந்த இடுப்புள்ள கால்சட்டையோ வெயிஸ்ட்கோட்டோ அணிந்தால் குறை மறையும்.

ஓவியத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வண்ணம் உலர்ந்து விறைத்திருக்கிறது. ஆவி, இஸ்திரி, டிரை கிளீனிங் மூன்றும் கூடாது. கரைப்பான் வண்ணத்தையே கழற்றிவிடலாம். துணி ரேயானாக இருந்தால் ஈரத்தில் இழை பலம் இழக்கும், ஆகவே நனைப்பதும் இல்லை. தூசியை உலர்ந்த மென்பிரஷ்ஷால், ஓவியத்தைச் சுற்றி மட்டும் தட்டுங்கள். வண்ணம் செதிலாக உதிரத் தொடங்கிவிட்டால் கட்டுவதை நிறுத்தி, பழந்துணிகளைப் பாதுகாக்கும் நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை ஓவியம் மேல்நோக்கி இருக்க, மடிப்பு அதன் குறுக்கே விழாமல், அமிலமில்லாத தாள் விரித்த தட்டையான பெட்டியில் படுக்கவையுங்கள்.